மழைச்சோற்றுப் பானையில் நான் ஊற்றிய கஞ்சி

மண் வேகிற வாசனை தெரியுமா உங்களுக்கு? கூடவே புளியங்கட்டைப் புகை... இப்போதும் எங்காவது அந்த வாசனை வந்தால் என் கால் தானாக நின்றுவிடும்.

தாடிக்கொம்புக்குப் பக்கத்தில், செங்கல் சுடுகிற காளவாசலில் இளவட்டமாக இருந்தபோது வேலை பார்த்தேன். மண் மிதிப்போம், அச்சில் கல் அறுப்போம், வெயிலில் காயவைப்போம். பிறகு அடுக்கி, வண்டி வண்டியாக மரம் போட்டு எரிப்போம். எத்தனை புளி, எத்தனை வேம்பு என்று யாரும் கேட்டதில்லை. நாங்களும் யோசித்ததில்லை.

ஊரே மழை வேண்டிக் கும்பிடும். நாங்கள் மட்டும் வந்துவிடாதே என்று கும்பிடுவோம். சுடாத கல்லில் தண்ணீர் பட்டால் திரும்பவும் சேறுதான்!

பக்கத்துத் தோட்டம் சின்னச்சாமி அய்யாவுடையது. செவ்வந்தி போட்டிருந்தார். எங்கள் புகையைக் கண்டாலே அவருக்கு ஆகாது. வரப்பில் நின்று சத்தம் போடுவார்.

"ஏலே, நீங்க விடுற புகைதான்டா மழைய வெரட்டுது!"

எங்கள் மேஸ்திரி சும்மா இருப்பாரா? "மழை பேஞ்சா எங்க பொழப்புல்ல கரைஞ்சு போகும் பெருசு!"

இதில் மாட்டிக்கொண்டவன் நான்தான். அவர் மகள் பாக்கியத்தைக் கட்டிக்கொள்ள எனக்கு ஆசை. அவளுக்கும் சம்மதம். அம்மா போய்ப் பெண் கேட்டபோது அய்யா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

"மழைக்கு ஆகாதவனுக்குப் பொண்ணு கெடையாது."

அந்த வருடம் ஐப்பசியும் காய்ந்து போனது. பெண்கள் மழைச்சோறு எடுக்கக் கிளம்பினார்கள். வீடு வீடாகச் சோறும் கஞ்சியும் வாங்கி, ஒரே பானையில் கலந்து, எல்லோரும் பங்கிட்டுச் சாப்பிட்டு மழையைக் கூப்பிடுகிற வழக்கம். காளவாசல் பக்கம் ஒருநாளும் வர மாட்டார்கள். அன்று வந்தார்கள்... பானை பாக்கியத்தின் இடுப்பில்!

எல்லோரும் தரையைப் பார்த்தபடி நின்றோம். நான் என் தூக்குவாளியைத் திறந்தேன். மத்தியானக் கஞ்சி முழுவதையும் பானையில் ஊற்றினேன்.

மேஸ்திரி தலையில் கை வைத்தார். "அடப்பாவி! நம்ம கல்லு கரையிறதுக்கு நீயே கஞ்சி ஊத்துறியேடா!"

பாக்கியம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இம்புட்டுத்தானா? வெஞ்சனம் ஒண்ணும் இல்லையா?" என்றாள்.

கடித்துக்கொள்ள வைத்திருந்த வெங்காயத்தையும் போட்டேன்.

மறுநாள் பிடித்தது பாருங்கள் மழை! கல்லை மூட ஓலையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். காற்று பிடுங்கிக்கொண்டு போனது. பதினைந்து நாள் அறுத்த கல் கண் முன்னே கரைந்து ஓடியது. எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

நனைந்தபடியே சின்னச்சாமி அய்யா வரப்பைத் தாண்டி வந்தார். சேற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"கரைஞ்சு போகும்னு தெரிஞ்சேதான ஊத்துன?"

"ஆமாய்யா."

"சரி... தை பொறக்கட்டும். ஒங்கம்மாவ வரச் சொல்லு."

இப்போது நானும் பாக்கியமும் சாயங்காலம் எழுத்து வகுப்புக்குப் போகிறோம். இதை நானே போனில் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி எழுதுகிறேன். மூன்று நாள் ஆனது... அதுவும் ஒரு சுகம்தான்!

போன வாரப் பாடம், பூமி சூடாவதைப் பற்றி. மரமும் கரியும் எரிகிற புகை வானத்தில் போர்வை மாதிரி நின்று சூட்டைப் பிடித்து வைக்கிறதாம். புகையை உறிஞ்சுகிற மரத்தையும் வெட்டிவிட்டால் சூடு இன்னும் ஏறுமாம். மழையும் பருவம் தப்புமாம்.

"எங்கப்பா அப்பவே சொன்னாருல்ல!" பாக்கியம் போட்ட சத்தத்தில் வகுப்பே திரும்பிப் பார்த்தது.

மாமா சொன்னது முழுக்கச் சரியில்லை. முழுக்கத் தப்பும் இல்லை. அப்போது மழை, பூப் போட்ட அவர், கல் அறுத்த நான் என்று இரண்டு பேரில் ஒருவருக்காவது நல்லது செய்தது. இப்போது மாசியிலேயே சித்திரை வெயில் அடிக்கிறது. பிறகு ஒரே நாளில் கொட்டி, பூவையும் அழுக வைக்கிறது, கல்லையும் கரைக்கிறது...

"சூட்டுக்கு என்ன காரணம்? ஆளுக்கு ஒரு வரி எழுதுங்க" என்றார் டீச்சர்.

நான் மெதுவாக எழுதினேன். 'நானும் ஒரு காரணம்.'

பாக்கியம் எட்டிப் பார்த்தாள். என் நோட்டை இழுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, கீழே எழுதினாள்.

'அந்தக் கல்லில் கட்டிய வீட்டில் நானும் இருக்கிறேன்.'

டீச்சர் இரண்டு வரிக்கும் சேர்த்து ஒரே டிக் போட்டார்.