சர்வர் அறையில் டுரியான்

ஈப்போவில் ஒரு லாரி நிறுவனத்தின் கணினிகளையெல்லாம் கட்டி மேய்ப்பவள் யோகமலர். சிலிம் ரிவர் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், உறைந்த கட்டிப்பாலின் நாற்றத்திலேயே வளர்ந்த மூக்கு அவளுடையது. அந்த மூக்கே அன்று காலை சுருங்கிப்போனது.

சர்வர் அறைக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. உள்ளே குளிராக இருக்கிறதென்று முதலாளி கேசவமூர்த்தி டுரியான் பழங்களை அடுக்கி, வாடை போகக் கதவையும் திறந்து விட்டிருந்தார். குளிரெல்லாம் வெளியேறி, சர்வர் கொதித்துக்கொண்டிருந்தது. அவள் எழுதி ஒட்டியிருந்த பராமரிப்புக் குறிப்பைப் பிய்த்துக் கீழே விரித்து, அதன்மேலேயே கொட்டைகளைத் துப்பியிருந்தார். ‘உணவுப் பொருள் வைக்காதீர்’ என்ற வரியில் ஒரு கொட்டை வழவழவென்று ஒட்டிக்கொண்டிருந்தது.

“வேற எங்கலா வைக்கிறது? காருல வச்சா நாறுது,” என்றார் முதலாளி, விரலை நக்கிக்கொண்டே.

யோகமலர் உட்கார்ந்து, கணினிக்குச் சின்னதாக ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள்: சர்வர் அறையில் சூடு ஏறினால், ஒரே ஒரு கணினி தானாக அணைய வேண்டும்.

மறுநாளும் அந்தக் கதவு திறந்தே கிடந்தது. மதியம் முதலாளியின் அறையிலிருந்து அலறல் வந்தது.

“யோகா, என் கம்ப்யூட்டர் செத்துப்போச்சுலா!”

“அந்தக் கதவைச் சாத்துங்க பாஸ், உசுரு வந்துரும்,” என்றாள் அவள், மூக்கைப் பொத்திய கையை எடுக்காமலே.