சொல்லாமல் நின்றவர்கள்

மிஷினுக்கு மனிதப் பேச்சு புரியும் என்று எவனாவது சொன்னால் இன்றைக்கும் எனக்கு வாயில் வசவுதான் வரும். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். அந்தக் கூத்தைக் கண்ணால் பார்த்தவன் நான்.

மெட்ராஸிலிருந்து டை கட்டிய ஒருவன் நாலு பிளாப்பியோடு வந்தான். இனிமேல் புரோகிராம் எழுத வேண்டாமாம். ஆட்களின் விவரமெல்லாம் உள்ளே இருக்கிறது, சும்மா பேசுகிற மாதிரி இங்கிலீஷில் கேட்டால் போதுமாம். 'சோழபுரத்திலிருந்து வருகிற பெண்கள் யார்?' என்று தட்டினான். பெயர்கள் வரிசையாக வந்தன. மேனேஜருக்குத் தலைகால் புரியவில்லை. மானிட்டருக்குச் சந்தனம் குங்குமம் வைத்துக் கும்பிட்டார், படித்த மனுஷன்!

அவர்கள் போனபின் நான் 'சோழபுரத்திலிருந்து வருகிற கோபக்காரப் பெண்கள் யார்?' என்று கேட்டேன். அதே பட்டியல். தெரியாத வார்த்தையைச் சத்தமில்லாமல் முழுங்கிவிட்டு, மிச்சத்துக்குப் பதில் சொல்கிறது அந்தச் சனியன். மேனேஜரிடம் சொன்னேன்.

"ஒனக்கு இங்கிலீஷ் வரல, அதான்" என்றார்.

அதோடு வாயை மூடிக்கொண்டேன். ஏசி அறையை விட்டால் மறுபடி பஞ்சுத் தூசிக்குள் போக வேண்டும்.

ஒருநாள் அவரே உட்கார்ந்து, 'பத்து நாளுக்கு மேல் சொல்லாமல் நின்றவர்கள் யார்?' என்று கேட்டார். சொன்னார்களா இல்லையா என்று குறிக்க அதற்குள் இடமே கிடையாது. 'சொல்லாமல்' என்பதை முழுங்கிவிட்டு, வராத நாலு பேரைக் காட்டியது. நாலு பேர் சீட்டையும் கிழித்துவிட்டார்.

அதில் ஒருத்தி ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். அவளுக்கு அம்மை போட்டிருந்தது. அம்மை கண்ட வீட்டில் யாரும் டாக்டரிடம் போக மாட்டார்கள், லீவு லெட்டரும் எழுத மாட்டார்கள். பக்கத்து வீட்டிலிருந்து யாராவது வந்து மேஸ்திரியிடம் வாய்வார்த்தையாகச் சொல்வார்கள். மில்லில் அது போதும். அவளுக்காகவும் ஒரு அம்மாள் வந்து சொன்னாள். மேஸ்திரியோடு அப்போது டீ குடித்துக்கொண்டிருந்தவன் நான். அந்த மேஸ்திரியோ அடுத்த வாரமே வேலையை விட்டுத் திருப்பூர் போய்விட்டார்.

தலைக்குத் தண்ணீர் ஊற்றிய மறுநாள் அவள் வந்து நின்றாள். முகமெல்லாம் தழும்பு. மேனேஜர் மானிட்டரைக் காட்டினார்.

"சொல்லாம நின்னவங்க லிஸ்ட்ல உன் பேர் இருக்கும்மா. கம்ப்யூட்டர் பொய் சொல்லாது."

"அதுக்கு என்னங்கய்யா தெரியும்? பக்கத்து வீட்டு அக்கா மேஸ்திரிட்ட சொல்லிட்டுத்தான் வந்தாவ!" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "அண்ணே, அப்ப நீங்களும் அங்கதான் நின்னியளாம். அக்கா சொன்னாவ. நீங்க சொன்னா ஐயா கேப்பாரு. செத்த சொல்லுங்கண்ணே."

மேனேஜர் என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தால் அந்த அறை போச்சு.

"எனக்கு ஞாபகம் இல்லம்மா" என்றேன்.