பத்திரமாக இருந்த புத்தகம்

எங்கள் பல்கலைக்கழக நூலகத்தில் எனக்கென்று ஓர் அறை இருந்தது. எனக்கும் என்னைப் போன்ற இன்னும் சிலருக்கும். விசேட தேவையுடைய மாணவர்களுக்கான சேவை அலகு என்று கதவில் மூன்று மொழிகளிலும் பலகை போட்டிருந்தார்கள். தடவிப் பார்த்தால் பலகை வழுவழுவென்றிருக்கும். அதனால் அப்படி ஓர் அறை இருப்பதே எனக்கு இரண்டாம் வருடத்தில்தான் தெரியவந்தது. உள்ளே குளிரூட்டி, கம்பளம், ஸ்கேனர், புத்தகத்தை வாசித்துச் சொல்லும் கொம்பியூட்டர் எல்லாம் இருந்தன. ஹெட்போனின் பொலித்தீன் உறையை யாரும் கழற்றியிருக்கவில்லை.

எனக்கு விழித்திரையில் நோய். பள்ளிக்கூடத்தில் எழுத்துகள் மங்கத் தொடங்கின. பல்கலைக்கழகத்துக்கு வந்து ஒரு வருடத்துக்குள் முற்றாகப் போய்விட்டன. வெளிச்சம் எது, நிழல் எது என்று மட்டும் தெரியும். வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளட்டில் அம்மா சமையலை முடித்துவிட்டு வந்து இருந்து, என் பாடங்களைச் சத்தமாக வாசிப்பார். ரயில் போகும்போது நிறுத்திவிட்டு, போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். முதலாம் வருடம் அம்மாவின் தொண்டையில்தான் பாஸ் பண்ணினேன்.

இரண்டாம் வருடத்தில் அம்மா வாசிக்க முடியாத ஒரு புத்தகம் வந்தது. வரலாற்றில் சிறப்புப் பட்டம் செய்ய வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு ஒரு குறிப்பிட்ட பாடத்தில் நல்ல புள்ளி எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் பொதுப் பட்டத்தோடு வீட்டுக்குப் போகலாம். அந்தப் பாடத்துக்குத் தமிழில் இருந்தது ஒரே ஒரு பழைய புத்தகம். நூலகத்தில் ஒரே ஒரு பிரதி. முதுகு பிரிந்த புத்தகம் என்பதால் வெளியே கொண்டுபோகவும் போட்டோகொப்பி எடுக்கவும் தடை. போனையும் பையையும் வாசலில் வைத்துவிட்டுத்தான் அது இருக்கும் பகுதிக்குள் போகலாம். தமிழ் மூலம் படித்த நாங்கள் எல்லோரும் மணித்தியாலக் கணக்கில் முறை வைத்து, கையால் எழுதிக் கொண்டுதான் வருவோம்.

மாளிகாவத்தையிலிருந்து வரும் ஒரு தோழி எனக்கு இருந்தாள். தன் முறை வரும்போது என்னையும் கூட்டிக்கொண்டு பத்திரிகை வாசிக்கும் மூலைக்குப் போவாள். அவள் வாசிப்பாள், நான் கேட்பேன், அவள் எழுதிக்கொள்வாள். சத்தம் போடாமல் இருந்தால் கவுன்டரில் இருந்தவரும் கண்டும் காணாமல் விட்டுவிடுவார். இரண்டு அத்தியாயம் முடித்துவிட்டோம். அப்படியே போயிருந்தால் புத்தகம் முழுவதும் முடிந்திருக்கும்.

அம்மாவுக்குத்தான் அது பிடிக்கவில்லை. "ஏன் பிள்ளை மற்றாக்களின்ர பிள்ளையைக் கரைச்சல் படுத்துறாய்? அங்க உங்களுக்கெண்டு ஒரு இடம் வைச்சிருக்கினம் எண்டெல்லே சொன்னனீ. போய்க் கேள், உன்ர உரிமையெல்லே?" என்றார். எனக்கும் அந்தச் சொல் பிடித்திருந்தது. ஒருத்தியின் தயவில் படிப்பது எனக்கு உள்ளூரக் குத்திக்கொண்டுதான் இருந்தது.

போனேன். அலகுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு சிங்களப் பெண்மணி. குரலில் அவ்வளவு இனிமை. என்னை நங்கி, நங்கி என்று தங்கச்சி முறை சொல்லியே கூப்பிட்டார். கதிரையை இழுத்துப் போட்டு, கையைப் பிடித்து இருத்தி, தேநீர் வேண்டுமா என்றும் கேட்டார். படிவம் ஒன்றை நீட்டி, அதை விண்ணப்பதாரர் சொந்தக் கையெழுத்தில் நிரப்ப வேண்டும் என்று வாசித்துக் காட்டினார். வாசித்த பிறகுதான் யோசித்திருக்க வேண்டும். பிறகு தானே நிரப்பினார். இரண்டு கிழமையில் முழுப் புத்தகமும் கொம்பியூட்டரில் கேட்கலாம் என்றார். நான் அன்றைக்கு வெள்ளவத்தைக்குப் போகும் காலி வீதி பஸ்ஸில் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன், மடைச்சி மாதிரி.

அடுத்த கிழமை தோழி வெறும் கையோடு மூலைக்கு வந்தாள்.

"புத்தகம் இல்லையாம். ஸ்கேன் பண்ண எடுத்துக்கொண்டு போயீக்கிறாங்களாம், உன்ட பேர்லதான்" என்றாள்.

அறைக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடுவது. பெண்மணி அதே இனிமையோடு விளக்கினார். கொம்பியூட்டர் ஆங்கிலம் வாசிக்கும், சிங்களமும் வாசிக்கும். தமிழுக்கு மென்பொருள் வாங்க மேலிடத்துக்கு எழுதியிருக்கிறது. அனுமதி வந்ததும் வேலை தொடங்கும். அதுவரை புத்தகம் அலுமாரியில் பூட்டி இருக்கிறது, யாரும் தொட மாட்டார்கள், பத்திரமாக இருக்கிறது, பயப்பட வேண்டாம் நங்கி. அப்படியானால் புத்தகத்தைத் திரும்பக் கொடுத்துவிடுங்கள் என்றேன். விண்ணப்பம் திறந்திருக்கும்போது கொடுக்க முடியாது, அது எனக்காக ஒதுக்கப்பட்டது என்றார்.

ஒரு மாதத்துக்கு மேல் அது எனக்காகப் பூட்டிக் கிடந்தது. கவுன்டரில் வந்து கேட்டவர்களுக்கெல்லாம் கண் தெரியாத மாணவி ஒருவருக்காக எடுக்கப்பட்டது என்று பதில் கிடைத்தது. எங்கள் தொகுதியில் கண் தெரியாதவள் நான் ஒருத்திதான். வகுப்பு வட்ஸ்அப் குழுவில் தொடங்கிவிட்டார்கள். ஒருத்தியால எல்லாருக்கும் ஃபெயில். வாசிக்க ஏலாதவளுக்கு என்னத்துக்குப் புத்தகம். அனுதாப மார்க் எடுக்கிற ஆளுக்கு எங்கட கஷ்டம் விளங்குமா. எல்லாவற்றையும் என் போன் பஸ்ஸில் வைத்து எனக்கு வாசித்துக் காட்டியது. பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் வாங்கிய மலிவான போன். தமிழை அட்சரசுத்தமாக வாசிக்கும். நூலகத்துக்கு ஏன் முடியவில்லை என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

போனைக் கொண்டுபோய்க் காட்டி, இதாலேயே படமெடுத்து வாசிக்க விடுங்கள் என்றும் கேட்டுப் பார்த்தேன். அந்தப் பகுதிக்குப் போன் தடை, எனக்கு மட்டும் விதியை மாற்றினால் மற்ற மாணவர்களுக்கு அநியாயம் என்றார்கள்.

பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது நானே தோற்றுப்போனேன். விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன், புத்தகத்தை விடுங்கள் என்றேன். பெண்மணிக்கும் நிம்மதியாக இருந்திருக்க வேண்டும், உடனேயே தட்டச்சில் ஒரு கடிதம் தயாரித்தார். சிங்களத்தில். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். வழக்கமான கடிதம்தான், விண்ணப்பத்தை முடித்துக்கொள்வதாக எழுதியிருக்கிறது என்றார். என் ஆட்காட்டி விரலைப் பிடித்துத் தாளின் கீழ்ப்பகுதியில் வைத்து, "மெத்தன நங்கி" என்றார். இங்கே என்று அவர் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்தேன். வெளியே தோழி காத்துக்கொண்டு நின்றாள். அன்றைக்கே புத்தகம் கவுன்டருக்குப் போக வேண்டும் என்ற அவதியில் இருந்தேன்.

புத்தகம் வந்தது. முழுத் தொகுதியும் அதன்மேல் விழுந்தது. இப்போது ஒரு மணித்தியாலம் அரை மணித்தியாலமாகச் சுருங்கிவிட்டது. தோழி ஒரு அத்தியாயம் வாசித்தாள். அடுத்த நாள் வாசித்துக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள்.

"வாசிச்சிக்கொண்டே எழுத டைம் காணுதில்ல. எனக்கும் மார்க்ஸ் வேணும், கோவிச்சிக்காத" என்றாள். நான் கோவிக்கவில்லை. எழுந்து வெளியே வந்து படியில் இருந்தேன். அவளை எங்கே போய்த் திட்டுவது, அவளும் இரண்டு பஸ் மாறி வந்து படிப்பவள்தானே.

பரீட்சையில் நான் சொல்லச் சொல்ல எழுத ஒருவரைத் தந்திருந்தார்கள். அவர் பேனையோடு தயாராக இருந்தார். எனக்குத்தான் சொல்லப் பாதிக்கு மேல் இல்லை. பெறுபேறு வந்தபோது பாஸ் பண்ணியிருந்தேன். சிறப்புப் பட்டத்துக்கு அது போதவில்லை. தோழிக்குக் கிடைத்தது. அவளுக்காகச் சந்தோசப்பட முயற்சி செய்தேன், வரவில்லை.

அம்மா விடவில்லை. மேன்முறையீடு செய்யச் சொன்னார், அவரே என் பக்கத்தில் இருந்து நான் சொன்னதை எழுதினார். புத்தகம் எத்தனை நாள் பூட்டிக் கிடந்தது, எத்தனை தடவை நான் அந்தக் கதவுக்குப் போனேன் என்று எல்லாம் எழுதினோம். ஒரு மாதம் கழித்து விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். நீளமான மேசைக்கு அப்பால் நான்கு குரல்கள். அதில் ஒன்று தமிழ்க் குரல் என்று தெரிந்ததும் எனக்குத் தைரியம் வந்தது.

அவர்கள் என் கோப்பைத் திறந்து, அன்றைக்கு நான் கையெழுத்து வைத்த கடிதத்தையே எடுத்தார்கள். தமிழ்க் குரல் அதை எனக்கு மொழிபெயர்த்தது. நான் கேட்டுக்கொண்ட சேவை எனக்கு முழுமையாகக் கிடைத்தது என்றும், அது குறித்து எனக்கு எந்த முறைப்பாடும் இல்லை என்றும், இதை விளங்கிக்கொண்டு ஒப்பமிடுகிறேன் என்றும் அதில் இருந்தது. கீழே என் கையெழுத்து.

இப்படித்தான் எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது என்றேன். விண்ணப்பத்தை முடிக்கும் கடிதம் என்றுதான் சொன்னார்கள் என்றேன். தாள்கள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு அந்தத் தமிழ்க் குரல், வயதான, பொறுமையான, நல்ல யாழ்ப்பாணத்துக் குரல், உண்மையாகவே என்மேல் அக்கறைப்பட்டுக் கேட்டது:

"பிள்ளை, வாசிச்சுப் பாராமல் ஏன் கையெழுத்து வைச்சனீர்?"

யாராவது ஒருவர் சிரிப்பார், ஒருவராவது தொண்டையைச் செருமுவார், கேட்டவரே நாக்கைக் கடித்துக்கொள்வார் என்று காத்துக்கொண்டிருந்தேன். நான்கு பேரும் என் பதிலுக்காகக் காத்திருந்தார்கள்.