சிவப்பு மை அம்புக்குறி

கண்டிப் பக்கம் அம்பிட்டியவில் எடுத்திருந்த வாடகை அறையிலிருந்து நனைந்துகொண்டே ஆய்வுகூடத்துக்குப் போன மழைக்காலம் அது. நான் கம்பளைக் கடைவீதியில் வளர்ந்தவள். எனக்கு வாய் நீளம். அன்றைக்கு அதை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

என்னோடு ஆராய்ச்சி செய்த யாழ்ப்பாணத்துக்காரனுக்கும் என் வயதுதான், ஆனாலும் அக்கா என்பான். அவன் வளர்த்தது கலப்புப் படிகம்: உலோக அணுக்கள் கட்டிய கூடு, ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் காபனும் நைதரசனும் சேர்ந்த ஒரு குட்டி மூலக்கூறு. சூட்டில் அது கிறுகிறுவென்று சுழலும். ஆறியதும் சுழற்சி அடங்கி, எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து நிற்கும். எதிர்த்திசையில் மின்னழுத்தம் கொடுத்தால் அத்தனையும் மறுபக்கம் திரும்பும். மின்னழுத்தத்தை எடுத்த பிறகும் அப்படியே நிற்கும். ஃபெரோமின் தன்மை என்பது இந்த ஞாபகம்தான்.

அந்த ஞாபகத்துக்குச் சான்றாக அவன் காட்டிய மின்னோட்ட வரைபடத்தைப் பார்த்து எல்லார் முன்னாலும் சிரித்தேன். "ஞாபகமாவது மண்ணாங்கட்டியாவது! கண்டி மழை. ஈரத்துல கரண்ட் ஒழுகுது, அவ்வளவுதான்."

அவன் முகம் சுண்டிப்போனது. "ஓம் அக்கா, இருக்கலாம். காய வைச்சுத் திரும்பப் பாப்பம்" என்றான்.

படிகத்தை உலர்த்தி, ஒருமுறை மின்னழுத்தம் கொடுத்தான். மூலக்கூறுகள் சாயவேண்டிய திசையை அட்டையில் சிவப்பு மையால் அம்புக்குறியாகப் போட்டு, படிகத்தை அதில் ஒட்டி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் போட்ட போத்தலுக்குள் மூடினான். "லீவுக்கு ஊருக்குப் போயிட்டு வாறன். வந்து அளப்பம்" என்றான். ஊரில் காய்ச்சல் கண்டு ஐந்தாம் நாள் இறந்துபோனான்.

போத்தல் என் மேசைக்கு எதிரே இருந்தது. பட்டப்பகலிலும் அந்தப் பக்கம் பார்க்கப் பயந்தேன். கதிரையைத் திருப்பிப் போட்டேன், முதுகு கூசியது. அவன் பகுதியை எங்கள் ஆய்வுக்கட்டுரையிலிருந்து எடுத்துவிடலாம் என்றார் பேராசிரியர். "ஈரம்னு நீங்கதானே சொன்னீங்க?"

அளக்காவிட்டால் அவன் பெயர் போய்விடும். அளப்பதென்றால் அம்புக்கு எதிராகத் தள்ளித்தான் ஆக வேண்டும்; அவன் விட்டுப்போன நிலை அழிந்துவிடும்.

எதிர்த்திசையில் இரண்டு தடவை மின்னழுத்தம் கொடுத்தேன். ஈரம் என்றால் இரண்டு தடவையும் ஒரே அளவு மின்னோட்டம் வரும். மூலக்கூறுகள் திரும்பினால் முதல் தடவை மட்டும் துள்ளும்; இரண்டாம் தடவை திரும்புவதற்கு ஒன்றும் மிச்சமிருக்காது.

முதல் தடவை துள்ளியது. இரண்டாம் தடவை கோடு பேசாமல் கிடந்தது. ஐயோ, அவன் சொன்னதுதான் சரி! இத்தனை வாரமும் அவை அவன் நிறுத்திய பக்கமே நின்றிருக்கின்றன.

கட்டுரையில் அவன் பெயர் முதலில் வந்தது. படிகத்தை மறுபடி அம்புத் திசைக்கே திருப்பிப் போத்தலில் வைத்தேன். கருவிக்கு முன்பும் இப்போதும் ஒரே நிலைதான். ஆனால் இந்தமுறை திருப்பியது என் கை.