பையைத் திறக்கச் சொன்னேன்

இது நடந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. மாத்தளையிலிருந்து தம்புள்ளைப் பக்கம் போகிற ரோட்டில், பலாபத்வலயில்தான் எங்கள் வீடு. நான் வீடுகளுக்கு வயரிங் செய்பவன். என் மனைவி மாத்தளை டவுனில் ஒரு ஸ்கூலில் டீச்சர். ஒரே மகன், அவனும் கொழும்பில் படிக்கிறான்.

முதலில் என் பழக்கம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என்னால் எதையும் வெளியே போட முடியாது. கருகிய மோட்டார், வேலைக்குப் போன வீடுகளில் கழற்றிய பழைய சுவிட்ச், கைப்பிடி இல்லாத குக்கர், மூன்று டேபிள் ஃபேன், மகன் சின்ன வகுப்பில் கொண்டுபோன ஸ்கூல் பேக்குகள், பிஸ்கட் டின், ஐஸ்கிரீம் டப்பா எல்லாம் எங்கள் பின் அறையில் கிடந்தன. அந்த அறைக்கதவு பாதிதான் திறக்கும். உள்ளே போக வேண்டுமானால் மூச்சை இழுத்துக்கொண்டு உடம்பைத் திருப்பித்தான் போக வேண்டும்.

நான் பிறந்தது இரத்தோட்டைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். ஒரே காம்பரா, அந்த ஒற்றை அறையில் ஏழு பேர். ஒரு சட்டி ஓட்டையாகிவிட்டால் அடுத்த சட்டி எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அப்படி வளர்ந்தவனுக்கு, கையில் இருப்பதை விட மனசு வராது. "இருக்கட்டும், என்னைக்காவது உதவும்" என்பேன். அந்த என்னைக்காவது வந்ததே இல்லை.

என் மனைவிக்கு இது பெரிய தொல்லை. அவள் ஃபோனில் வீடியோக்கள் பார்க்க ஆரம்பித்தாள். வெள்ளைச் சுவர் வீட்டில் யாரோ ஒரு அம்மா நான்கு தட்டு, நான்கு கப், பத்து உடுப்பை வைத்துக்கொண்டு நிம்மதியாக வாழ்வது எப்படி என்று சொல்லிக்கொடுப்பார். நான் பார்த்துவிட்டுச் சிரித்தேன்.

"இதுக்கெல்லாம் வீடியோவா? எங்க லயத்துல எல்லாருமே இப்படித்தான் இருந்தோம். யாரும் வந்து எங்களப் படம் புடிக்கல."

"அன்னைக்கு உங்களுக்கு வேற வழியில்ல. இன்னைக்கு என்ன கேடு?" என்றாள் அவள்.

எனக்குக் கோபம் வந்தது. ஒருமுறை கிழிந்த மெத்தை ஒன்றை அவள் குப்பை லொறிக்குக் கொடுத்துவிட்டாள். அதற்காக இரண்டு நாள் அவளோடு பேசாமல் இருந்தேன். அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதையும் கேட்கவில்லை. அவளுக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்கு முழங்கால் வலி வந்தது. வீட்டு வேலைக்கு எல்கடுவப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு அக்கா வர ஆரம்பித்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். மலையில் கொழுந்து பறித்து ஓய்ந்தவர். செவ்வாயும் சனியும் காலையில் இரண்டு பஸ் மாறி வருவார், பின்னேரம் போய்விடுவார். அதிகம் பேசமாட்டார். அவர் கூட்டிய இடத்தில் உட்கார்ந்து சாப்பிடலாம், அவ்வளவு சுத்தம்.

இரண்டு மாதம் போயிருக்கும். ஒருநாள் வயர்த் துண்டு ஒன்றைத் தேடிப் பின் அறைக்குப் போனபோது கதவு வழக்கத்தைவிட லேசாகத் திறந்தது. எனக்கு அது பிடிபடவில்லை. அடுத்த வாரம் பார்த்தால் மூன்று ஃபேனில் இரண்டுதான் இருந்தது. அலுமாரிக்கு மேலே இருந்த சிவப்பு பிளாஸ்க்கையும் காணவில்லை.

மனைவியிடம் கேட்டேன். "எங்கயாச்சும் கிடக்கும், நல்லா தேடிப் பாருங்க" என்றாள். சொல்லிவிட்டு அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

அந்த அக்காவிடமும் சும்மா கேட்பதுபோல் கேட்டேன். "அக்கா, சிவப்புப் பிளாஸ்க் ஒண்ணு இருந்திச்சே, கண்டீங்களா?"

"எனக்குத் தெரியலீங்க தம்பி" என்றார். சொல்லும்போது அவர் கண், என் மனைவி சமைத்துக்கொண்டிருந்த குசினிப் பக்கம் போய் வந்தது.

அந்த ஒரு பார்வை போதுமாக இருந்தது எனக்கு. அன்றிலிருந்து என் மனசு வேறு வேலை எதையும் செய்யவில்லை. அக்கா கொண்டுவரும் பிளாஸ்டிக் பை காலையில் தட்டையாக இருக்கும், பின்னேரம் உப்பியிருக்கும். இத்தனை நாளாக இதை எப்படிக் கவனிக்காமல் விட்டேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை காலையில் வேலைக்குப் போகுமுன் பின் அறையை ஃபோனில் மூலை மூலையாகப் படம் எடுப்பேன். சாயந்தரம் வந்து, படத்தையும் அறையையும் மாற்றி மாற்றிப் பார்ப்பேன். ஒரு நாள் ஸ்கூல் பேக் இரண்டு குறைந்தது. இன்னொரு நாள் குக்கர். வேலை செய்த இடத்தில் ஏணியின் மேல் நிற்கும்போதும் இப்போது எதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டிருப்பார் என்றுதான் யோசனை ஓடும். ஒருமுறை லைவ் வயரையே தொடப்பார்த்தேன்.

அவர் சிரித்தால் நடிப்பு என்று தோன்றும். பேசாமல் இருந்தால் குற்ற உணர்ச்சி என்று தோன்றும். நல்லாக் கூட்டிப் பெருக்கினால், தடயத்தை அழிக்கிறார் என்று தோன்றும். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரிடம் விஷயத்தைச் சொன்னபோது, "தோட்டத்து ஆக்கள வீட்டுக்குள்ள விட்டா அப்படித்தான்" என்றார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். தோட்டத்தில் பிறந்த நான்தான் தலையாட்டினேன். அதை இப்போது எழுதும்போதுகூட கூசுகிறது.

ஒரு சனிக்கிழமை மனைவிக்கு ஸ்கூலில் விசேஷ வகுப்பு. நாவுலப் பக்கம் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு நானும் கிளம்பினேன். ஆனால் போனது அக்கா பஸ் ஏறும் ஹோல்ட்டுக்கு எதிரே இருக்கும் தேத்தண்ணிக் கடைக்கு. அக்கா வரும் நேரம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

இரண்டரை மணி போல வந்தார். பை உப்பியிருந்தது. பக்கத்தில் ஒரு மிளகு ஸ்டோரில் வேலை செய்யும் இரண்டு பெண்களும் அங்கே நின்றார்கள். அவர்களும் அக்காவின் தோட்டத்துக்காரர்கள்தான், ஒன்றாகத்தான் பஸ் ஏறுவார்கள்.

நான் ரோட்டைக் கடந்து போய் முன்னால் நின்றேன். "அக்கா, பையத் தொறங்க."

அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. "தம்பி, இங்க வேணாங்க. வீட்டுக்குப் போய்ப் பேசுவோம்."

"ஏன், இங்க தொறந்தா என்ன?"

குரல் எனக்குத் தெரியாமலே உயர்ந்துவிட்டது. அவர் பையைத் தரையில் வைத்தார். நானே திறந்தேன். சோத்துப் பெட்டி, குடை. அதற்குக் கீழே மடித்து வைத்த இரண்டு ஸ்வெட்டர், என் மகன் கைக்குழந்தையாக இருந்தபோது போட்டது. ஒரு மேசை விளக்கு.

"இது யாரோடது?"

"உங்களோடதுதான் தம்பி."

"யாரு எடுக்கச் சொன்னா?"

அவர் அந்த இரண்டு பெண்களையும் ஒருமுறை பார்த்தார்.

"வாயத் தொறந்து சொல்லுங்க, யாரு குடுத்தா?"

கீழே பார்த்தபடி நின்றார். ஒரு வார்த்தை வரவில்லை. தேத்தண்ணிக் கடைக்காரர் வெளியே வந்து, "என்ன பாஸ், திருட்டா?" என்று சிங்களத்தில் கேட்டார். நானும் சிங்களத்திலேயே "ஓவ்", ஆமாம் என்றேன். ஒரே சொல். அந்த இரண்டு பெண்களும் அக்காவை விட்டு ஓரடி தள்ளி நின்றார்கள்.

மாத்தளை பஸ் வந்தது. அக்கா சோத்துப் பெட்டியையும் குடையையும் மட்டும் எடுத்துக்கொண்டு ஏறினார். மற்றதெல்லாம் பையோடு என் காலடியில் கிடந்தது.

வீட்டுக்கு வந்து ஸ்வெட்டரையும் விளக்கையும் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்தேன். பெரிய கேஸ் பிடித்த பொலிஸ்காரன் மாதிரி மனைவிக்காகக் காத்திருந்தேன். நாலரைக்கு வந்தாள். மேசையைப் பார்த்தாள். செருப்பைக்கூடக் கழற்றாமல் அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான் குடுத்தேன்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"ஃபேன், பிளாஸ்க், குக்கர், எல்லாமே நான்தாங்க குடுத்தேன். அவங்க லயத்துல தேவைப்பட்ட ஆக்களுக்கு. ஒரு புள்ளைக்குக் கொழந்தை பொறந்திருக்கு, அங்க குளிரு. அதுக்குத்தான் இந்த ஸ்வெட்டர்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா விட்டிருப்பீங்களா? கிழிஞ்ச மெத்தைக்கு நீங்க என்ன பண்ணுனீங்க?"

நான் ஸ்வெட்டரை எடுத்து மடித்து வைத்தேன். "சரி, அந்த அக்காவாச்சும் சொல்லியிருக்கலாமே. பத்து தரம் கேட்டேன்."

"நான்தான் உங்ககிட்ட மட்டும் சொல்லிடாதீங்கன்னு கேட்டுக்கிட்டேன்" என்றாள். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தாள். "கடைசி வரைக்கும் அவங்க சொல்லலையா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "டீச்சர் குடுத்தாங்க" என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் அவர் தப்பியிருப்பார். கொடுத்த வாக்குக்காகத் திருடி என்ற பேரை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிப் போயிருக்கிறார்.

என் அம்மா தோட்டத்துப் பங்களாவில் வேலை செய்தவர். வேலை முடிந்து வரும்போது கேட்டில் வாட்ச்சர் அம்மாவின் கூடையைக் கிளறுவார். நான் சின்னப்பிள்ளையாக வெளியே நின்று பார்ப்பேன். அதில் ஒருநாளும் ஒன்றும் இருந்ததில்லை. கூடையை நீட்டும்போது அம்மா என் பக்கம் மட்டும் திரும்பமாட்டார். எத்தனையோ வருஷமாக நினைக்காத அந்தக் காட்சி, அன்று சாயந்தரம் முழுக்க என்னை விடவில்லை.

மறுநாள் ஞாயிறு. விடிந்ததும் விடியாததுமாக ஒரு முச்சக்கர வண்டியைப் பிடித்துக்கொண்டு இருவரும் எல்கடுவைக்கு மேலே போனோம். எப்படி மன்னிப்புக் கேட்பது என்று வழியெல்லாம் சொற்களைத் தேடிக்கொண்டு போனேன். லயத்துக்கு முன்னால் இறங்கியதும் அந்தச் சொற்கள் எல்லாம் போய்விட்டன.

அக்கா வீட்டு இஸ்தோப்பில், அந்த முன் திண்ணையில், என் பின் அறை வரிசையாக வைக்கப்பட்டிருந்தது. ஃபேன், பிளாஸ்க், புதுக் கைப்பிடி போட்ட குக்கர், ஸ்கூல் பேக்குகள், பழைய போர்வை இரண்டு, இன்னும் என்னென்னவோ. எல்லாம் துடைத்து, கழுவி, மடித்து. கதை எங்களுக்கு முந்தியே அங்கே வந்துவிட்டது. திருட்டுச் சாமான் எங்களுக்கு வேண்டாம் என்று ஒவ்வொரு வீட்டுக்காரரும் கொண்டுவந்து கொடுத்துவிட்டார்களாம். ஒரு சின்னப் பெண்பிள்ளை தூணைப் பிடித்துக்கொண்டு அந்த ஸ்கூல் பேக் ஒன்றையே பார்த்துக்கொண்டு நின்றது. பேக்கில் அதன் பேரை யாரோ பேனையால் எழுதி, பிறகு தேய்த்து அழித்திருந்தார்கள்.

இவ்வளவு சாமானையும் ஒன்றாகப் பார்த்தபோதுதான் தெரிந்தது, இதில் பாதி என்னிடம் இருந்ததே எனக்கு ஞாபகம் இல்லை.

அக்கா வெளியே வந்தார். "வாங்க டீச்சர், வாங்க தம்பி. எல்லாம் இருக்கு. ஒருக்காப் பாத்துக்கங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

சனங்கள் கூடிவிட்டார்கள். அந்த மிளகு ஸ்டோர்ப் பெண்களில் ஒருவரும் நின்றார். நான் பஸ் ஹோல்ட்டில் கத்திய அதே குரலில் சொன்னேன்: "இந்த அக்கா எதையும் எடுக்கல. என் வீட்டுக்காரிதான் குடுத்தா. நான் விசாரிக்காம இவங்களுக்குக் கெட்ட பேரு வாங்கிக் குடுத்திட்டேன். தப்பு என்னோடது." மனைவியும் அழுதுகொண்டே, "நான் சொல்லாம மறைச்சதும் தப்புதான்" என்றாள்.

அக்கா இருவரையும் பார்த்தார். "இங்க சொல்லிட்டீங்க தம்பி. அங்க கடையில நின்னவங்களுக்கு யாரு சொல்றது?"

"நான் சொல்றேன் அக்கா. இன்னைக்கே சொல்றேன்."

"அப்ப சரி. இந்தச் சாமான நீங்களே உங்க கையால குடுங்க. மறைச்சுக் குடுத்தத இனி யாரும் தொடமாட்டாங்க."

ஒவ்வொரு வீட்டு வாசலாகப் போய்க் கொடுத்தேன். இரண்டு வீட்டில் வேண்டாம் என்றே சொல்லிவிட்டார்கள். வற்புறுத்த எனக்கு என்ன உரிமை இருக்கிறது? அந்தச் சின்னப் பெண்ணின் தாய் மட்டும் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, மகளைப் பார்த்து வாங்கிக்கொள் என்பதுபோல் தலையசைத்தார். நாங்கள் கொண்டுபோன ஸ்வெட்டரைக் குழந்தையின் அப்பா வாங்கினார், என் முகத்தைப் பார்க்காமல்.

அக்கா எங்களை உள்ளே கூப்பிட்டுப் பாலில்லாத பிளேன்டீ கொடுத்தார். கிளம்பும்போது என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை வரச் சொல்லிக் கேட்டாள்.

"இல்ல டீச்சர். மனசுல ஒண்ணும் வச்சிக்கல. ஆனா வரமாட்டேன்" என்றார். பிறகு என்னைப் பார்த்தார். "இனி உங்க வீட்டுல ஒரு ஊசி காணாமப் போனாலும், தம்பிக்கு மொதல்ல என் மூஞ்சிதான் ஞாபகத்துக்கு வரும். நீங்க நெனைக்காம இருக்கப் பாத்தாலும் வரும். அப்படி ஒரு வீட்டுல என்னால வேலை செய்ய முடியாதுங்க."

நான் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் அவர் சொன்னது உண்மை.

அன்று திரும்பும் வழியிலேயே தேத்தண்ணிக் கடையில் இறங்கினேன். கடைக்காரரிடமும், அங்கே உட்கார்ந்திருந்தவர்களிடமும் நடந்ததைச் சிங்களத்தில் சொன்னேன். கடைக்காரர் கிளாஸ் கழுவிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "பாவம்" என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு பின் அறையை நானும் மனைவியும் சேர்ந்துதான் காலி செய்தோம். ஒவ்வொரு பொருளையும் கையில் எடுத்து, யாருக்கு உதவும் என்று பேசி, பகலில், எல்லோரும் பார்க்கக் கொடுத்தோம். முதல் இரண்டு வாரம் எனக்குப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் செய்ய முடிந்தது. அப்புறம் பழகிவிட்டது. இப்போது அந்த அறையில் ஒரு கட்டில், ஒரு மேசை, அவ்வளவுதான். மகன் லீவுக்கு வந்தால் அங்கேதான் படுக்கிறான்.

வீடு லேசாகிவிட்டது. நான் லேசாகவில்லை. போன மாதம், வயரில் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்கும் என் டெஸ்டரைக் காணவில்லை. தேடத் தொடங்கும்போதே, முந்தின நாள் கூரை ஓட்டை அடைக்க வந்த மனுசனின் முகம் கண்ணுக்குள் வந்துவிட்டது. கேட்டுப் பார்ப்போமா என்று ஃபோனைக்கூட எடுத்தேன். டெஸ்டர் கிடந்தது நான் கழற்றிப் போட்ட காற்சட்டைப் பையில். சாமானை வெளியே கொடுக்கக் கற்றுக்கொண்டேன். ஒன்று காணாமல் போனதும் இல்லாதப்பட்டவர்களின் முகத்தையே முதலில் தேடுகிற இந்த மனசை மட்டும், இன்னும் தினம் தினம் கூட்டிப் பெருக்கிக்கொண்டே இருக்கிறேன்.