பாதம் கழுவாத சபை

என் முழங்காலில் ஒரு வலியும் இல்லை. அன்றும் இல்லை, இன்றும் இல்லை. பொய் சொன்னேன்... அந்தப் பொய்யால் ஒரு சபையின் வழக்கமே போய்விட்டது.

கோட்-டெ-நெய்ஜ் என்ற நகர்ப்பகுதியில் ஒரு பேஸ்மென்டில் கூடும் சிறிய மெனோனைட் கிறிஸ்தவ சபை எங்களுடையது. எல்லோரையும் ஏற்றினாலும் ஒரு பஸ் நிறையாது. ஆயுதம் தொடாதவர்கள், நீதிமன்றத்தில்கூடச் சத்தியம் செய்யாதவர்கள். அகதியாக வந்த என் குடும்பத்தை ஸ்பொன்சர் செய்து, குளிருக்குக் கோட்டும் வாங்கித் தந்தவர்கள். இவர்கள்மேல் எரிச்சல்படலாமா? படுகிறேன்.

பெரிய வியாழனன்று, இயேசு சீடருக்குச் செய்ததுபோல, இருவர் இருவராக அமர்ந்து ஒருவர் பாதத்தை மற்றவர் கழுவுவது வழக்கம். அந்த வருடம் என் எதிரே வந்து அமர்ந்தவர் இராசண்ணை. டோர்வல் விமான நிலையத்தில் துப்புரவு வேலை. என் ஊர்க்காரர். ஊரில் அவருடைய தகப்பனை எங்கள் வாசற்படி தாண்ட நாங்கள் விட்டதில்லை. சாதிதான், வேறென்ன?

அவர் சப்பாத்தைக் கழற்றி, காலுறையை மடித்து வைத்துவிட்டார். எனக்குக் குனிய மனம் வரவில்லை.

"முழங்கால் மடக்க ஏலாது அண்ணை," என்றேன்.

அவர் காலுறையை மீண்டும் மாட்டிக்கொண்டார்.

அத்தோடு முடிந்திருக்கலாம். முடிய விட்டார்களா? சபையை நடத்தும் மார்த் அம்மையார் அடுத்த கூட்டத்திலேயே எழுந்து, ஒருவரும் விடுபடக்கூடாது, இனிப் பாதத்துக்குப் பதில் கை கழுவுவோம் என்றார். இங்கே வாக்கெடுப்பு கிடையாது. எல்லோரும் சம்மதித்தால்தான் முடிவு. எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். இராசண்ணையும் ஆட்டினார்!

எந்த முழங்கால் என்றாவது ஒருத்தர் கேட்டிருக்கக்கூடாதா? நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு நான் படியேறுவதைப் பார்த்தவர்கள்தானே? இவ்வளவு நல்லவர்களாக இருந்தால் மனிதன் எப்படித்தான் அகப்படுவது...

இப்போது சபையின் வரலாறு எழுதுகிறார்கள். "பலவீனமான ஒருவருக்காக நாம் எல்லோரும் மாறினோம். நம் வரலாற்றில் அதுதான் அழகான பகுதி. ஆண்டு விழாவில் நீங்களே சொல்லுங்கள்," என்கிறார் மார்த். அழகான பகுதியாம்! தலையை எந்தச் சுவரில் முட்டிக்கொள்வது?

போன ஞாயிறு மெட்ரோ மேடையில் இராசண்ணையிடம் போய் நின்றேன்.

"அண்ணை, உண்மையை எல்லாருக்கும் சொல்லப் போறன். அண்டைக்கு எனக்கு முழங்கால் வருத்தம் ஒண்டும் இல்லை."

"தெரியும்," என்றார். "சொல்லாதையும்."

"ஏன் அண்ணை?"

"சொன்னால் நீர் அழுவீர். அவையள் என்னைச் சுத்தி நிண்டு உம்மை மன்னிக்கச் சொல்லுவினம். நல்ல சனம், மறுக்கவும் ஏலாது. நான் இன்னும் மன்னிக்கேல்லை, தம்பி."

ரயில் வந்தது. அவர் ஏறிப் போனார். நான் ஏறவில்லை.

ஆகவே அவர்களிடம் சொல்ல வழியில்லாமல் உங்களிடம் சொல்கிறேன்... நீங்களாவது அவரிடம் போய் எனக்காக எதுவும் கேட்டுவிடாதீர்கள்.