அக்கா வீட்டு நாயின் வலது கண்

தனக்குத் தெரியாதது எதுவும் கிடையாது என்று நம்புகிறவர் என் அக்கா புருஷன். திருப்பதியில் மனை வாங்கி விற்கிறார். வருகிறவர்கள் வாய் பிளக்கட்டும் என்றே ஒரு பக் நாய் வாங்கினார். சப்பை மூக்கு, பிதுங்கிய கண்கள். தூக்கி வைத்துப் போட்டோ எடுப்பதோடு அவர் பாசம் முடிந்தது. சோறு போட்டது அக்கா.

போன கோடையில் எங்கள் ஊர் குடிபாலாவிலிருந்து அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். நாய் வலது கண்ணை இடுக்கிக்கொண்டு சோபாவுக்கு அடியில் கிடந்தது. முகத்து மடிப்பெல்லாம் கண்ணீர் ஈரம். இமையை விலக்கினால், கருவிழிமேல் வெள்ளையாகப் படர்ந்திருந்தது.

"இன்னா மாமா இது? டாக்டர்கிட்ட காட்டினீங்களா?"

"ஏம் காதுப்பா, ஒண்ணும் ஆவாது. வெறும் தூசு. எங்கம்மாவுக்குக் கண் ஆபரேஷன் ஆனப்ப குடுத்த சொட்டு மருந்து மிச்சம் இருந்திச்சி. அத்தத்தான் வுட்டுக்கினு இருக்கேன். மனுஷனுக்குக் கேட்டது நாய்க்குக் கேக்காதா?"

சொல்லிவிட்டு போனுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நான் நாயைத் துண்டில் சுற்றி ஆட்டோவில் ஏறினேன். அக்காவும் அந்த மருந்துப் புட்டியை எடுத்துக்கொண்டு ஏறினாள். "ஊசி போட்டு ஏமாத்துவானுங்க!" என்று மாமா வாசலில் நின்று கத்தினார்.

கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கண்ணில் சாயம் விட்டு நீல விளக்கடித்துப் பார்த்தார். புண் பச்சையாகத் தெரிந்தது. மருந்துப் புட்டியை வாங்கிப் படித்ததும் முகம் சுண்டியது. "இதுல ஸ்டீராய்டு இருக்கு. புண்ணுமேல விட்டா ஆறாது, இன்னும் அரிக்கும். கருவிழி ஓட்டையாயிடுச்சு. கண்ணை எடுக்கிறதுதான் வழி. ஆரம்பத்துலயே வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்." அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

தையலோடு திரும்பிய நாயைப் பார்த்து மாமா முகம் சுளித்தார். "இத்த எப்டி நாலு பேர் எதிர்ல வெக்கறது? ஒத்தக்கண்ணு நாய் வீட்டுக்கு ஆகாது." தான் விட்ட மருந்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. விற்றவன் நோய் பிடித்த குட்டியைத் தலையில் கட்டிவிட்டானாம்.

அவர் எதிரில் குரலே உயர்த்தாத அக்கா அன்றைக்குக் கத்தினாள். "டேய், நீ எடுத்துக்கினு போடா. இவரு கிட்ட வுட்டா இன்னொரு கண்ணும் போயிடும்."

இப்போது அது எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. வலது பக்கம் கட்டில் காலில் அவ்வப்போது முட்டிக்கொள்ளும். மற்றபடி கோழிகளைத் துரத்திக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறது.

போன மாதம் பிச்சாட்டூரில் ஒரு கல்யாணம். பந்தியில் மாமா, நாயின் கண்ணை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று பக்கத்து ஆளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். நான் பாயசத்துக்குக் காத்திருக்காமல் இலையை மூடிவிட்டு எழுந்தேன்.